பல்லும் மணியும்

லூ-சுன்சிதா என்றொரு மனிதர், இற்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னர், இன்னொருவரின் பல்லை உடைத்துவிட்டார். எதற்காகச் சண்டை வந்தது, யார் முதலில் கையை ஓங்கினார் என்பதெல்லாம் தெரியாது. உடைந்த பல்லுக்காக ஊருர் என்பவருக்கு 10 ஷெக்கல் வெள்ளி கொடுத்தார் என்று மட்டும் மெசப்பொத்தேமியாவின் களிமண் பலகையொன்று சொல்கிறது. ஒரு ஷெக்கல் 8 கிராமுக்குச் சற்று மேல். ஆக, 80 கிராமுக்கும் கூடிய வெள்ளி. பின்னர் வந்த ஊர்-நம்முவின் சட்டத்தில் ஒரு பல்லுக்கு 2 ஷெக்கல்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. வெளியூர்க்காரர் என்பதால் கூட அறவிட்டார்களோ என்னவோ.

ஆம், அவர் வெளியூர்க்காரர். அந்தப் பலகை அவரை ‘மெலுஹாவின் மனிதன்’ என்கிறது. அக்காத் பேரரசன் சார்கோன், தன்னுடைய துறையில் மெலுஹா, மாகன், தில்முன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் கட்டிக் கிடப்பதாகக் கல்வெட்டிலே பெருமையடித்துக்கொண்டான். தில்முன் என்பது பஹ்ரைன் பகுதி. மாகன், ஓமான் பக்கம். மெலுஹா சிந்துவெளிதான் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடில்லை.

இதிலுள்ள விசித்திரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கி.மு. 2600 இலிருந்து 1900 வரை, ஏறத்தாழ பத்து இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பிலே ஒரு நாகரிகம் செழித்திருந்தது. மொகஞ்சதாரோ, ஹரப்பா, தோலவீரா, ராக்கிகடி எனப் பெருநகரங்கள். வீதிக்கு வீதி வடிகால்கள். எங்கு சுட்டாலும் 1:2:4 என்ற ஒரே விகிதத்தில் செங்கற்கள். அங்கு ஆட்சி செய்த ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியாது. அவர்கள் வணங்கிய தெய்வத்தின் பெயர் தெரியாது. தங்கள் நாட்டை அவர்களே என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதும் தெரியாது. பல்லை உடைத்து மாட்டிக்கொண்ட ஒருவரைத் தெரியும். அதுவும் அயலவர்கள் எழுதி வைத்ததால். பெயர்கூட அவருடைய சொந்தப் பெயர் போலில்லை. அது சுமேரியப் பெயர். ‘நல்ல எருமையின் மனிதன்’ என்பதுபோல் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவோ!

இவரைப் போலவே இன்னொருவர், ஷூ-இலிஷு. பாரிஸிலுள்ள லூவர் நூதனசாலையில் அவருடைய உருளை முத்திரை இருக்கிறது. ‘மெலுஹா மொழிபெயர்ப்பாளர்’ என்று அதிலே தன்னைக் குறிப்பிட்டுக்கொள்கிறார். இருபக்க மொழியும் அறிந்த அந்த மனிதர் இன்று எழும்பி வந்தால் எத்தனை பேராசிரியர்களின் பிழைப்பு போகும் என்று நான் அடிக்கடி எண்ணிச் சிரித்ததுண்டு.

சிந்துவெளியின் வயதைச் சொன்னவர்களும் அயலவர்கள்தாம். ஹரப்பாவில் கிடைத்த முத்திரையொன்றை 1875 இல் கன்னிங்ஹாம் வெளியிட்டபோது, அது இந்தியாவுக்கு அந்நியமான பொருள் என்றே நினைத்தார். அதற்கு முன்பே லாகூர் - முல்தான் புகையிரதப் பாதைக்காக ஹரப்பாவின் செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளிப்போய் விட்டார்கள். ஐயாயிரம் வருடத்தின் மேல் புகையிரதம் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. 1921 இல் தயாராம் சஹானி ஹரப்பாவிலும், அடுத்த ஆண்டு ஆர்.டி. பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் தோண்டினார்கள். 1924 செப்டெம்பர் 20 ஆம் திகதி இலண்டன் சஞ்சிகையொன்றில் ஜோன் மார்ஷல் படங்களோடு செய்தியை வெளியிட்டார். என்ன காலம் என்று அவருக்கே திட்டமாகத் தெரியாது. அடுத்த வார இதழிலேயே சேய்ஸ் என்ற பேராசிரியர், இதே மாதிரியான முத்திரைகளை ஈரானின் சூசாவில் பார்த்திருக்கிறோமே என்று எழுதினார். அந்த ஒரு கடிதத்தால் இந்தியாவின் வரலாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போனது.

நான் முப்பது வருடங்கள் வரலாறு படிப்பித்தவன். சிந்துவெளிப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும்: “சேர், அவங்கட ராசாட பேர் என்ன?” எகிப்துக்குப் பெயர்கள் உண்டு, பாபிலோனுக்கு உண்டு, அனுராதபுரத்துக்கு வரிசையாக உண்டு. இங்கு மட்டும் இல்லை. “தெரியாது மகன்” என்றால் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். படிப்பிக்கிறவருக்கே தெரியாத பாடத்தை எதற்காகப் படிக்க வேண்டும் என்பது போலொரு பார்வை.

அறிஞர்களுக்கும் இதே சங்கடம்தான் இருந்திருக்க வேண்டும். பெயரில்லாத இடத்திலே பெயர்களை வைத்துவிட்டார்கள். பதினேழரை சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு கற்சிலை; தாடி, நெற்றிப்பட்டம், தோளிலே மூவிதழ்ப் பூவேலை செய்த போர்வை, பாதி மூடிய கண்கள். அதற்கு ‘குருவும் அரசனும்’ என்று பெயர். அவர் குரு என்பதற்கும் சான்றில்லை, அரசன் என்பதற்கும் சான்றில்லை. கையை இடுப்பில் ஊன்றி நிற்கும் பத்தரை சென்ரிமீற்றர் வெண்கலப் பெண் ‘நடன மாது’ ஆனாள். அவள் ஆடியதை யார் கண்டார்? எனக்கென்னவோ அவள் யாரையோ திட்டி முடித்துவிட்டு, பதிலுக்காகக் காத்து நிற்பவள் போலத்தான் தெரிகிறாள். பெரிய கட்டிடமொன்று ‘தானியக் களஞ்சியம்’ ஆனது. அங்கு தானியம் சேமிக்கப்பட்டதற்குத் தடயம் கிடைக்கவில்லை. இந்தப் பெயர்களெல்லாம் பாடப்புத்தகத்துக்குள் புகுந்து, பரீட்சை வினாவாகி, புள்ளியும் பெற்றுத்தந்து, கடைசியில் உண்மையாகிவிட்டன.

இவற்றுள் மிகப் பெரிய சேதத்தைச் செய்தது மோட்டிமர் வீலரின் கதை. இராணுவத்தில் இருந்தவர், எதையும் படையெடுப்பாகப் பார்க்கும் கண் அவருக்கு. 1946 இல் ஹரப்பாவைத் தோண்டியவர், மொகஞ்சதாரோவின் மேல்மட்டத்தில் வீதியிலும் வீட்டுக்குள்ளும் தாறுமாறாகக் கிடந்த முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் வந்து வெட்டிச் சாய்த்தார்கள் என்று எழுதினார். இருக்கு வேதத்து இந்திரனைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றிவிட்டார். நான் மாணவனாக இருந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது அந்தக் கதைதான். 1964 இல் ஜோர்ஜ் டேல்ஸ் அதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். எலும்புக்கூடுகள் ஒரே நாளுக்கோ ஒரே காலத்துக்கோ உரியவையல்ல. நகரத்தின் கோட்டைப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. போர் நடந்ததற்கான ஆயுதங்களும் இல்லை, எரிந்த அடுக்கும் இல்லை. பிறகு கென்னத் கென்னடி எலும்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, காயத்தின் அடையாளம் ஓரிரண்டில்தான் இருந்தது. அதிலும் ஆறிய காயம் உண்டு. அந்தப் படுகொலை, வீலரின் மேசையில் நடந்த படுகொலை. ஆனாலும் கதை சாகவில்லை. எங்களுடைய மேடைகளில் இன்றும் அதைக் கேட்கலாம்.

மேடை என்றதும் எழுத்துப் பிரச்சினைக்கு வரத்தான் வேண்டும். ஐராவதம் மகாதேவன் 1977 இல் வெளியிட்ட தொகுப்பில் 2,906 எழுத்துப் பொறித்த பொருட்களும் 417 குறிகளும் இருக்கின்றன. ஒரு பொறிப்பின் சராசரி நீளம் ஐந்து குறிகள்தாம். வலமிருந்து இடமாக எழுதினார்கள் என்பது ஏறக்குறைய நிச்சயம். இடது ஓரத்தில் இடம் போதாமல் குறிகளை நெருக்கியிருப்பதைப் பார்த்தாலே விளங்கும். பரீட்சைத் தாளின் ஓரத்தில் பிள்ளைகள் நெருக்கி எழுதுவதைத் திருத்திய எவருக்கும் அது புதிதல்ல. இதற்கு மேல் எல்லாம் ஊகம். பம்பாயிலிருந்த ஹீராஸ் பாதிரியார், மீன் குறியைத் தமிழ் ‘மீன்’ என்றே வாசித்து, அது விண்மீனையும் குறிக்கலாமென்றார். பின்லாந்தின் அஸ்கோ பார்ப்போலா அதைப் பல பத்தாண்டுகள் வளர்த்தெடுத்தார். திராவிடக் கருதுகோள் இலேசாகத் தள்ளிவிடக்கூடிய ஒன்றல்ல. இருப்பவற்றுள் அதுவே வலுவானது என்பது என் எண்ணமும். ஆனால் கருதுகோள் வேறு, பட்டயம் வேறு. மகாதேவன் 2018 இல் காலமாகும் வரை, எழுத்தை வாசித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. அவருடைய நூலைத் தொட்டும் பாராதவர்கள் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம், அதே குறிகளைச் சமஸ்கிருதமாக வாசிக்கிறது. 2004 இல் மூன்று அறிஞர்கள், இது மொழியை எழுதும் எழுத்தே அல்ல, வெறும் சின்னங்கள் என்றார்கள். ஐம்பது குறிகளுக்கு மேல் கொண்ட ஒரு பொறிப்பைக் காட்டினால் பத்தாயிரம் டொலர் தருவதாகவும் அவர்களில் ஒருவர் அறிவித்தார். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், எழுத்தை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அறிவித்தார்.

பணம் கொடுத்தால் தவறென்று நான் சொல்லவில்லை. பேசாத ஒருவரைச் சுற்றி நின்று, ஆளாளுக்கு அவருடைய வாயைத் தன்னுடைய வாயாக ஆக்கிக்கொள்ளும் அவசரம்தான் எனக்கு உறுத்துகிறது. அந்த மனிதர்களைத் தேடும் பாதை இந்த மேடைகளுக்கு வெளியே வேறொன்று இருக்கிறது. அதை நான் அறிந்துகொண்டது என் குடும்பத் தொழிலின் வழியாக.

எங்கள் ஊர் பேருவளை. என் வாப்பாவின் வாப்பாவை நாங்கள் ‘அப்பா’ என்றுதான் அழைப்போம். அவர் கல் வெட்டுபவர். சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வாங்கி விற்றவர்களைப் பற்றி ஊர் பேசும். பட்டை தீட்டியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசாது. மின்சார இயந்திரங்கள் எங்கள் வீட்டுக்கு வரமுன்னர் அவர் வில் போட்டுத்தான் தகட்டைச் சுழற்றினார். வலது கை வில்லை முன்னும் பின்னும் இழுக்க, தகடு சுழலும். இடது கை கல்லைத் தகட்டிலே பிடித்திருக்கும். கண்ணைவிடக் காதுதான் முக்கியம் என்பார். சத்தம் மாறினால் கை நிற்கும். யாரோ கொண்டுவந்து காட்டிய கல்லைத் திருப்பிப் பார்த்து, “இது இன்னார்ட கை” என்று சொல்லிவிடுவார். கல்லிலே கையெழுத்து இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

பின்னாளில் சிந்துவெளியின் நீண்ட சிவப்பு மணிகளைப் பற்றி வாசித்தபோது அப்பாவின் நினைவு வந்தது. நாம் ‘அகீக்’ என்று மோதிரத்தில் பதித்துப் போடுகிறோமே, அதே இனத்துக் கல். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய மணிகள். சில 12 சென்ரிமீற்றருக்கும் நீளமானவை. அவ்வளவு நீளத்துக்கும் நடுவே நூல் கோக்கத் துளை. மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலும் இம்மணிகள் கிடைத்தன. பெருவாளும் பெருஞ்சிலையும் இல்லாத மக்கள், அயலூர் அரசிகளின் கழுத்துக்கு இதை அனுப்பினார்கள்.

எப்படித் துளைத்தார்கள்? இதற்கு விடை தேடிய முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. லியோனர்ட் கொறலிக், ஜோன் குவினட் என்ற இருவரும் பல் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர்கள். பல்லுக்கு அச்செடுக்கும் சிலிக்கோன் பசையைப் பழைய மணிகளின் துளைக்குள் செலுத்தி, வெளியே இழுத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார்கள். துளையின் உட்சுவரில் இருந்த கீறல்கள் எல்லாம் அந்தப் பசையிலே படிந்து வந்தன. எந்த ஊசி, எந்தப் பொடி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் கீறல்கள் சொல்லின. இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவிலே சந்திக்க வைத்திருக்கிறார்கள். ஒரு மயிரளவு பிசகினாலும் மணி போச்சு.

அமெரிக்கரான மார்க் கெனோயர் இன்னொன்று செய்தார். ஏட்டை மூடிவிட்டு, குஜராத்தின் கம்பாத் நகருக்குப் போய் மணி செய்வோரின் அருகே உட்கார்ந்தார். அங்கே தொழில் அறுபடாமல் நடக்கிறது. சிந்துவெளியில் கிடைத்த துளையூசிகள் ஒருவகைக் கடினமான, விசேட கல்லால் ஆனவை. அந்தக் கல்லுக்கு, சன்ஹுதாரோவின் மணிப் பட்டறைகளை 1935-36 இல் தோண்டிய ஏர்னஸ்ட் மக்கேயின் நினைவாக ‘ஏர்னஸ்டைட்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதனால் துளைத்துப் பார்த்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர்தான் இறங்கியது. கராச்சிக்கருகே அல்லாதினோ என்ற சிறு கிராமத்தில் ஒரு குடத்துக்குள் கிடைத்த இடுப்பு மாலையில் இத்தகைய நீண்ட மணிகள் 36 இருந்தன. அதைச் செய்ய 480 வேலை நாட்கள் சென்றிருக்கும் என்று கெனோயர் கணக்கிட்டார். ஹரப்பாவிலே இதே வடிவில் களிமண்ணால் செய்து, சுட்டு, சிவப்புப் பூசிய மணிகளும் கிடைத்தன. வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணும் கழுத்தைச் சும்மா விடவில்லை. ஒரு முத்திரையையும் வாசிக்காமலேயே அந்த ஊரில் உள்ளவர், இல்லாதவர் இரு சாராரையும் நாம் கண்டுகொள்கிறோம்.

2011 இல் இந்தியாவுக்குப் போனபோது, மனைவியின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல் கம்பாத்துக்குப் போனேன். ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் தரையிலே இரும்பு முளை அடித்து, அதன் கூரில் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக்கொம்புத் தலையுள்ள சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். செதில் செதிலாகக் கல் பறந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் ஸலாம் சொல்லி, என் அப்பாவும் கல் வெட்டுபவர் என்றேன். “அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்தானே பாய்” என்று சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். கல்லை முதலில் வெயிலில் காயவைத்து, பிறகு சாம்பலுக்குள் புதைத்துச் சூடாக்கினால்தான் மங்கலான நிறம் சிவப்பாக மாறும் என்று காட்டித் தந்தார். ரத்தன்பூர் மலையில் அடங்கியிருக்கும் பாவா கோர் என்ற அபிசீனிய வலியுல்லாஹ்தான் இந்தத் தொழிலின் காவலர் என்றார். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவராம். மணியின் பாதையில் யார்தான் கடல் கடக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் இருமினார். நெடுநேரம் இருமினார். “கல்லைத் தேய்க்கும் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள், இங்கே எல்லோருக்கும் இதுதான்” என்றார். கம்பாத்தில் கல் தேய்ப்போரின் நெஞ்சுக்குள் தூசி படிந்து, சிலிக்கோசிஸ் என்ற நோயால் அவர்கள் இளவயதிலேயே இறப்பது வைத்தியர்கள் பதிவு செய்த உண்மை. அது கல்லின் நுண்தூசி. நெஞ்சுக்குள் போனது திரும்பி வராது.

அன்றிலிருந்து நூதனசாலைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு மாலைகளை என்னால் முன்புபோல் பார்க்க முடியவில்லை. 480 வேலை நாட்கள் என்பது எத்தனை பேருடைய எத்தனை மூச்சு? நுரையீரல் மண்ணில் நிற்காது. மணி நிற்கும், ஊசி நிற்கும், பட்டறையின் செதில்கள் நிற்கும். இருமல் நிற்காது. அகழ்வாராய்ச்சி அறிக்கைகளில் அந்த வரி எங்கும் வரப்போவதில்லை.

மாலை என்றதும் இன்னொன்று. 1947 இல் நாடு பிரிந்தபோது மொகஞ்சதாரோவின் பொருட்களையும் இரண்டாகப் பங்கிட்டார்கள். இரு தரப்புக்கும் சமபங்கு வேண்டுமென்பதற்காக, ஒன்றாகக் கிடைத்த மாலைகளை அறுத்து மணிகளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். நாலாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்தவை. பாதி இந்தியாவில், பாதி பாகிஸ்தானில். இதைவிட அதிகமாக நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மணிக்கு அடுத்தபடி மண்ணில் நெடுங்காலம் நிற்பது பல். எலும்பு கரைந்த இடத்திலும் எனாமல் நிற்கும். சிறுவயதில் பல் உருவாகும்போது குடித்த நீரின், தின்ற தானியத்தின் மண் அதற்குள் பதிந்துவிடுகிறது. ஸ்ட்ரோன்சியம், ஈயம் ஆகியவற்றின் சமதானிகளை அளந்தால், அந்தப் பிள்ளை எந்த மண்ணில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லலாம். முதற் கடைவாய்ப்பல் ஒரு வயதைச் சொல்லும். ஞானப்பல் இன்னொரு வயதை. ஹரப்பாவின் இடுகாட்டில் கிடந்தவர்களின் பற்களை இப்படிப் பார்த்து 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அவர்களுள் பலர் வேறிடத்தில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே நகரத்தின் பக்கம் வந்தவர்கள் என்கிறது. எதற்காக வந்தார்கள் என்று பல் சொல்லாது. தொழில் பழக அனுப்பப்பட்ட பிள்ளைகளோ என்று எனக்குத் தோன்றும். அப்பாவும் ஒன்பது வயதில் வேறொருவரின் பட்டறையில் வில் பிடித்தவர்தான். ஆனால் அது என் எண்ணம், சான்றல்ல.

பர்மானா என்ற ஹரியானாக் கிராமத்திலே பல் காறையையும் சட்டியில் ஒட்டியதையும் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், மஞ்சளின், இஞ்சியின் மாப்பொருள் துணிக்கைகளைக் கண்டார்கள். 2010 இல் வந்த செய்தி அது. பாடம் சொல்லும்போது இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையின் முகமும் சுருங்குவதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். ராசாவின் பெயரை மறந்து, “கறி சமைச்சாங்களா சேர்?” என்று கேட்பார்கள். மரபணுப் பக்கம் அவ்வளவு எளிதில்லை. வெயிலும் மழையும் அதைத் தின்றுவிடும். ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, ஒரேயொரு பெண்ணின் எலும்பிலிருந்துதான் பயன்படக்கூடிய மரபணு கிடைத்தது. 2019 இல் முடிவு வெளிவந்தது. அந்த ஒரு பெண்ணை, உயிரோடிருந்தால் அவளே திகைக்கும் அளவுக்கு, எதிரெதிர் அணிகள் இரண்டும் தத்தம் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொண்டன.

பல்லும் மணியும் ஒன்றாகச் சேர்ந்த இடமொன்று இருக்கிறது. அது இன்னும் பழையது; நகரங்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்னையது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், போலன் கணவாய்க்கருகே மெஹர்கார். கற்கால விவசாயிகளின் ஊர். மணி செய்வதில் அவர்கள் வல்லவர்கள்; தீக்கல் முனையுள்ள நுண்ணிய ஊசிகளால் துளைத்தார்கள். அங்கே 7,500 இலிருந்து 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடுகாட்டில் ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப்பற்களில், வட்டமாக, ஒழுங்காகத் துளையிடப்பட்டிருந்ததை 2006 இல் அறிவித்தார்கள். நால்வர் பெண்கள், இருவர் ஆண்கள், மூவர் யாரெனத் தெரியவில்லை. கடைவாய்ப்பல் வெளியே தெரியாது. ஆகவே அலங்காரத்துக்காக இல்லை. சில பற்களில் சொத்தையின் அடையாளமும் உண்டு. ஆய்வாளர்கள் தீக்கல் முனையை வில்லிலே பூட்டிப் பரிசோதித்தபோது, ஒரு நிமிடத்துக்குள் எனாமலில் துளை விழுந்தது.

மணிக்காரரிடம்தான் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருடைய கை அவ்வளவு நிதானமாக நிற்கும்? வலியோடு ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள். அவர் வில்லை எடுக்கிறார். கல்லின் சத்தம் பழகிய காது. பல்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இழுக்கிறார். மூன்றரை மில்லிமீற்றர் வரை ஆழமான துளைகள் இருக்கின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துளையைச் சுற்றியோடிய ஊசியின் கோடுகள் இன்னும் தெரிகின்றன. விளிம்புகள் மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. அதற்குப் பிறகும் நெடுநாள் அந்தப் பல்லால் மென்று சாப்பிட்டிருக்கிறார்கள்.